பெர்ஃபார்மன்ஸ் ஸ்பெசிஃபிகேஷனுக்கு "வேண்டுதிறன்" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரைட் சகோதரர்கள் எழுதின பிசினஸ் லெட்டர்களப் பத்தி தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், ஒரே ஒரு வார்த்தையில மாட்டி ரெண்டு நாளா நகரல. பெர்ஃபார்மன்ஸ் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது ஒரு பொருள் என்னென்ன செஞ்சு காட்டணும்னு வாங்கறவங்க எழுதிக் குடுக்கறது. டெண்டர் நோட்டீஸ்ல வர்ற "விவரக்குறிப்பு" இங்க ஒட்டவே மாட்டேங்குது. விவரம்னா இருக்கற பொருளோட விவரம், இவங்க கேட்டதோ இன்னும் பொறக்காத பொருள்.

1902 கடைசியில டேட்டன் ஊர்ல சைக்கிள் கடை வச்சிருந்த அண்ணன் தம்பி எஞ்சின் கம்பெனிகளுக்கு லெட்டர் போடறாங்க: 8, 9 குதிரைத்திறன் வேணும், எடை 180 பவுண்டுக்கு மேல போகக்கூடாது, அதிர்வு இருக்கக்கூடாது. தோதான எஞ்சின் எங்கயும் கிடைக்கல, கடைசியில கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்துல செஞ்சார், அது 12 வரைக்கும் இழுத்துது.

அப்புறம் 1905. அக்டோபர் 5ந்தேதி வில்பர் 24 மைல் பறந்தாச்சு. அதே மாசம் அமெரிக்க ராணுவத்துக்கு எழுதறாங்க, மெஷின் என்னென்ன செஞ்சு காட்டினா ஏத்துப்பீங்கன்னு. இத பரிசீலிச்ச ராணுவ போர்டு என்ன முடிவெடுத்துது தெரியுமா, அப்படி எந்த நிபந்தனையும் வகுக்க விரும்பல, ஆள ஏத்திட்டு பறக்கற மெஷின் முதல்ல வரட்டும்னு. படிச்சப்ப மனசே ஆறல எனக்கு. 1907 டிசம்பர் 23க்குத்தான் ராணுவம் 486ம் நம்பர் ஸ்பெசிஃபிகேஷன வெளியிட்டுது: ரெண்டு பேர் ஏறணும், மணிக்கு 40 மைல் வேகம், ஒரு மணி நேரம் வானத்துல நிக்கணும், 125 மைலுக்கு எரிபொருள், பிரிச்சு ராணுவ வண்டியில ஏத்தற மாதிரி இருக்கணும். அவங்க கேட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வந்த பதில் இது. இந்த தாளுக்குத்தான் பேர் வேணும். "வேண்டுதிறன்"னு போடலாமான்னு பாக்கறேன்.

---

மறுமொழி:

தம்பி, நல்லா எடுத்து சொன்னீங்க. ஆனா "வேண்டு"ன்னாலே கோயில் வேண்டுதல் வாசனை அடிக்குது. அதோட திறன்னா பவர்னு பள்ளிக்கூட புத்தகத்துல இருக்கே, உங்க குதிரைத்திறனே சாட்சி. "தகுதி வரையறை"ன்னு வச்சா போதாதா?

---

மறுமொழி:

ஐயா, வரையறைய டெஃபினிஷனுக்கு எடுத்தாச்சு, தகுதின்னா டெண்டர் போடற கம்பெனிக்கு உள்ள தகுதின்னு படிச்சுடுவாங்க. திறன் பத்தி நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா பெர்ஃபார்மன்ஸுக்கு "செயல்திறன்"னு எல்லாரும் எழுதறோம், அந்தப் பழக்கத்து மேலதான் இத வைக்கறேன். வேண்டுங்கறது கோயிலோட நிக்கலையே, "வேண்டிய அளவு எடுத்துக்கோ"ன்னு வீட்லயே சொல்றோம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி இதுவும் வினைத்தொகை, வேண்டின திறன், வேண்டுற திறன், இனி வேண்டப்போற திறன் மூணும் அடங்கிடும், இல்லாத பொருளுக்கு எழுதற தாளுக்கு இந்த குணம் ரொம்ப முக்கியம்னு படுது. தாள தனியா சொல்லணும்னா "வேண்டுதிறன் தாள்".

வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், நீங்களும் வாய்விட்டு படிச்சு பாருங்க: "486ம் எண் தாளின் வேண்டுதிறன் மணிக்கு 40 மைல். 1909ல் ரைட் விமானம் 42 மைலைத் தாண்டியது. கூடுதல் மைல் ஒன்றுக்கு 2,500 டாலர் வீதம், பேசிய 25,000 டாலருடன் 5,000 சேர்த்து ராணுவம் கொடுத்தது."