வேப்பங்கட்டையில் கடையும் கிண்ணம் விளிம்பில் வெடிக்கிறது, உதவி வேண்டும்

கேள்வி – திருநகர்

வணக்கம். வேப்பங்கட்டையில் மூன்று கிண்ணம் கடைந்தேன், மூன்றும் வெடித்துவிட்டன. அடுத்த கட்டையை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஏற்றும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பதற்கு மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டு வாசலில் நின்ற வேம்பு இது. அப்பத்தா கல்யாணமாகி வந்த வருடம் வைத்ததாம். போன ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கேட்டு ஆள் வந்தபோது அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அடிமரத்தை மட்டும் நான்கு துண்டாக அறுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் 2 அடி நீளம், 14 அங்குலம் குறுக்களவு. அப்பத்தா இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் ஐந்து பேர். ஆளுக்கொரு கிண்ணம் கடைந்து கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் கிண்ணத்துக்குக் கட்டையை, வெங்காயத்தை வளையமாக நறுக்குவது போல, வட்டத் துண்டாக அறுத்துக் கடைந்தேன். இரண்டே நாளில் நடுவிலிருந்து விளிம்பு வரை பிளந்தது. அடுத்த இரண்டுக்கும் கட்டையை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, பட்டைப் பக்கம் அடியாகவும் அறுத்த முகம் வாயாகவும் வைத்துக் கடைந்தேன். வாய் 10 அங்குலம், சுவர் அரை அங்குலம். லேத்தின் சக் (கட்டையைக் கவ்வும் பிடி) பிடிக்க அடியில் கழுந்து, அதாவது ஒரு குமிழ், வேண்டுமே என்று அடியில் மட்டும் ஒன்றரை அங்குலம் விட்டிருந்தேன். நகவுளி (நகம் போல் வளைந்த வாயுள்ள உளி) வைத்ததும் ஈரச் சுருள் கை நீளத்துக்கு வந்து தோளில் விழுந்தது. அவ்வளவு சுகமாகக் கடைய வந்த மரம்.

மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், அலமாரி மேல் வைத்தேன். சீக்கிரம் காயட்டும் என்று மேசை ஃபேனையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், மேலே கொட்டாங்குச்சியை உடைத்தது போல் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் வெடிப்பு. ஒன்றில் விரல் நகம் முழுதாக நுழைகிறது. மற்றதும் மறுநாள் அதே போல் போனது.

உளி பிடிப்பில் தவறா, வேம்பே இப்படித்தானா, இல்லை இந்தச் சித்திரை வெயிலா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வெடித்த கிண்ணத்தில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து மறுபடி லேத்தில் ஏற்றலாமா?

ஆரப்பாளையம்

அக்கா, பச்சை மரத்தில் கடைந்தால் இப்படித்தான். மீதிக் கட்டைகளை மாடி வெயிலில் இரண்டு மாதம் போட்டு நன்றாகக் காயவிட்டு அப்புறம் கடையுங்க. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் வெடிக்காது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

மேலூர்ப் பட்டறை

தங்கச்சி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: ஏற்றாதீர்கள். எத்தனை ஆசையாகக் கடைந்த கிண்ணமாக இருந்தாலும் சரி, நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் அது லேத்துக்கு மறுபடி போகக் கூடாது. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போது 10 அங்குலக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 1000 சுற்றுக்கு ஏற்றினால் 48 கிலோமீட்டர். ஃபெவிகால் அடைத்த வெடிப்பு அந்த வேகத்தில் விட்டால், துண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் அப்பா கட்டில் காலும் தொட்டில் கம்பும் மத்தும் கடைந்தவர். வெடிப்பு விட்ட கட்டில் கால் ஒன்று அவர் கையிலிருந்து தெறித்துப்போய்ச் சுவரில் விழுந்த பள்ளம் இன்னும் எங்கள் பட்டறையில் இருக்கிறது. பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

ஆரப்பாளையம் தம்பி, வெயிலில் போடுவதுதான் இங்கே வினையே. எண்ணெயும் உதவாது. தேங்காய் எண்ணெய் காய்ந்து படலமாகாது. ஈரம் வெளியே போவதை அது தடுக்காது.

தங்கச்சி, மூன்று விஷயம் தெரிய வேண்டும். கட்டையின் இரண்டு முனையிலும் அறுத்த அன்றே ஏதாவது பூசினீர்களா? கிண்ணத்தில் நடுச்சோறு, அதாவது மரத்தின் நட்டநடுவில் நெடுக ஓடும் மென்மையான தண்டு, எங்கே வந்தது? மீதி மூன்று கட்டை இப்போது எங்கே, எப்படிக் கிடக்கிறது?

திருநகர்

அண்ணே, நன்றி. மறுபடி ஏற்றவில்லை, தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

முனையில் எதுவும் பூசவில்லை. பூச வேண்டும் என்றே தெரியாது. நடுச்சோறு நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். விளிம்பில் இரண்டு பக்கமும் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. வெடிப்பு இரண்டும் சரியாக அந்தப் புள்ளியில்தான் தொடங்கியிருக்கிறது! மீதிக் கட்டைகள் ஊரில் கிணற்றடியில் ஆடியிலிருந்து நிற்கின்றன. முனையெல்லாம் சிலந்தி வலை போல் விரிசல்.

சோழவந்தான்

அம்மா, பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் அண்ணன் சொல்லப் போகும் வழி மனதில் நிற்கும்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, செல்லின் உள்ளே வெற்றிடத்தில். மற்றது, செல்லின் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது. முதலில் வெளியேறுவது வெற்றிடத்துத் தண்ணீர். அது போகும்போது மரம் சுருங்காது, எடைதான் குறையும். காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் சுவர்த் தண்ணீர் கிளம்பும். மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். அதனால்தான் கடைந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்த கிண்ணம் மூன்றாம் நாள் சத்தம் போடுகிறது.

அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. நடுவிலிருந்து பட்டை நோக்கிக் கொஞ்சம் சுருங்கும். மரத்தின் வளையங்களின் சுற்றுவாக்கில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். கையில் போட்ட கண்ணாடி வளையல் சிறுத்துக்கொண்டே வந்து, மணிக்கட்டு அந்த அளவுக்குச் சிறுக்காவிட்டால் என்ன ஆகும்? வளையல் உடையும். நடுச்சோற்றை உள்ளே வைத்த எந்தக் கட்டைக்கும் இதுதான் நடக்கிறது. முதல் கிண்ணத்தில் சோறு நட்டநடுவில் இருந்தது, அதனால் நடுவிலிருந்து பிளந்தது. அடுத்த இரண்டில் விளிம்பில் இருந்தது, விளிம்பில் பிளந்தது.

வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் நெடுக ஓடுகின்றன அல்லவா, அறுத்த முனையில் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கும். பக்கவாட்டில் போவதைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் அங்கே போய்விடும். உங்கள் கிண்ணத்தில் அந்தத் திறந்த வாய் வருவது விளிம்பில் எதிரெதிராக இரண்டே இடத்தில். வெடித்ததும் அதே இரண்டு இடம். போதாததற்கு அடி ஒன்றரை அங்குலம், சுவர் அரை அங்குலம். சுவர் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, ஈர அடி விடமாட்டேன் என்கிறது. தகரக் கூரையும் ஃபேனும் அதற்கு வேகம் கூட்டின.

வேம்பைக் குறை சொல்லாதீர்கள். மகாகனி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, நல்ல கடைசல் மரம். நார் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி ஓடும், அதனால் உளி கூராக இல்லாவிட்டால் சில இடத்தில் பிய்ந்து வரும். பாண்டியர்கள் மாலையாகச் சூடியது இதன் பூவைத்தான். மதுரைக்காரர்கள் இந்த மரத்தோடு கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம், தவறில்லை.

மேலூர்ப் பட்டறை

ஐயா சொன்னதற்கு மேல் காரணம் தேவையில்லை. இனி வேலையைப் பார்ப்போம்.

எட்டு மாதம் வெளியில் நின்றாலும் 14 அங்குலக் கட்டையின் உள்ளே இன்னும் ஈரம்தான் இருக்கும், கவலை வேண்டாம். இரண்டு முனையிலிருந்தும் மூன்று நான்கு அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள். அறுத்த முகத்தைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும். தெரியாமல் போகும் வரை அறுக்க வேண்டும். அப்புறம் நெடுக அறுக்கும்போது ஒரே அறுப்பாகப் பிளக்காமல், நடுச்சோற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம் விட்டு இரண்டு அறுப்பு போடுங்கள். நடுவில் வரும் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

அன்றைக்கே கடைந்துவிட வேண்டும். முடியாவிட்டால் முனையில் மெழுகுவத்தி மெழுகை உருக்கிப் பூசுங்கள். பழைய எனாமல் பெயிண்ட் இருந்தாலும் இரண்டு கை பூசலாம். கடையும்போது வாயகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விடுங்கள். 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம், சுவரிலும் அடியிலும் ஒரே கனம். இது முதல் கடைசல்தான். காயும்போது முட்டை வடிவத்துக்குப் போகும், போகட்டும். அதை மறுபடி வட்டமாக்கத்தான் அந்த ஓர் அங்குலம்.

செயின்சா நம் கூட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டைகளை ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஆறு பேர் இருப்போம், ஒரே நாளில் முடித்துவிடலாம். முகக் கவசம் கொண்டு வாருங்கள். வெறும் மூக்குக்கண்ணாடி போதாது.

செல்லூர்

நான் ஒன்று சேர்க்கிறேன் அக்கா. முதல் கடைசல் முடிந்த கிண்ணத்தை அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து ஒரு மணி நேரம் வேக விடுவேன். வெளியே எடுத்து ஆறவிட்டுக் காகிதத்தில் சுற்றி வைப்பேன். வாகையிலும் மாவிலும் எனக்கு வெடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. வேம்பில் செய்து பார்த்ததில்லை. சமையல் அண்டாவை மட்டும் எடுக்காதீர்கள், வேம்பின் கசப்பு ஏறிவிடும்.

மேலூர்ப் பட்டறை

நல்ல யோசனை, இரண்டைக் கொதிக்க வைத்துப் பார்க்கலாம். எங்கள் அப்பா காலத்தில் வேப்ப மரத்தைக் கண்மாய்த் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்கள். வண்டு விழாது என்பதற்காக.

திருநகர் – ஆவணி மாதம்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், எடை நிற்கும் வரை எழுதக் கூடாது என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கட்டையிலிருந்தும் கட்டைக்கு இரண்டாக ஆறு வட்டம்தான் தேறியது. ஐந்து வேண்டும், கையில் ஆறு. சாயங்காலத்துக்குள் ஆறையும் ஓர் அங்குலக் கனத்துக்குக் கடைந்துவிட்டோம். அண்ணன் அடியின் கனத்தை அளந்து பார்க்காமல் ஒன்றைக்கூடக் கீழே இறக்க விடவில்லை. இரண்டைக் கொதிக்க வைத்தோம். மற்ற நான்கையும் அதனதன் சீவலோடு சேர்த்துக் காகிதச் சாக்கில் போட்டுக் கட்டி, மாடியில் இல்லாமல் கீழே மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். வெயிலும் காற்றும் படாத இடம்.

முதல் வாரம் சாக்கைத் திறந்தபோது பூஞ்சை வாடை. ஈரச் சீவலைக் கொட்டிவிட்டுக் காய்ந்த சீவல் போட்டேன். அப்புறம் வாராவாரம் அதே வேலை. ஒவ்வொரு கிண்ணத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்து, அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதினேன். ஒரு கிண்ணம் 1,760 கிராமில் தொடங்கியது. இரண்டாம் வாரம் 1,610, ஆனியில் 1,340. அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து 1,270-க்கு வந்து மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. வாயை அளந்தால் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐயா சொன்ன வளையல் கணக்கு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

ஒன்று போய்விட்டது. கிளை கிளம்பிய முடிச்சு இருந்த கிண்ணம், முடிச்சைச் சுற்றி வெடித்தது. மற்ற ஐந்திலும் விளிம்பில் ஒரு கோடு இல்லை. கொதிக்க வைத்த இரண்டும் மூன்று வாரம் முன்னாலேயே எடை நின்றுவிட்டன, செல்லூர்த் தங்கச்சிக்கு நன்றி. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

போன ஞாயிறு ஒன்றை முழுதாக முடித்தேன். கழுந்தும் முட்டை வடிவமாகியிருந்ததால், வாயைக் கவிழ்த்து வைத்து டெயில்ஸ்டாக்கால் (லேத்தின் எதிர்முனைத் தாங்கியால்) அழுத்திப் பிடித்து, கழுந்தை முதலில் வட்டமாக்கிக்கொண்டேன். சுவர் இப்போது 8 மில்லிமீட்டர். வைரம் (உள்மரம்) செம்பழுப்பாக, வெளிப்புறம் வெளிறாக, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. பெரிய அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

மேலே என்ன பூசலாம்? அத்தை அதில் முறுக்கு போட்டு வைக்கப் போவதாகச் சொல்கிறார். இப்போது வெறும் மரமாகத்தான் இருக்கிறது.

மேலூர்ப் பட்டறை

மனசு நிறைந்தது தங்கச்சி. தின்பண்டம் வைக்க என்றால் ஆளிவிதை எண்ணெய், சுத்தமானது. மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே சில நாள் விட்டு, மூன்று கை. கடைசியில் தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

அந்த நடுப்பலகைகள் பட்டறையில் பத்திரமாக இருக்கின்றன. சோற்றை வகுந்து எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் கிடைக்கும் சட்டம் வளையாது, கோணாது. ஒவ்வொன்றிலும் ஒரு மத்து வரும். அடுத்த ஞாயிறு வரும்போது உங்கள் ஒல்லி நகவுளியையும் எடுத்து வாருங்கள், மத்தின் கழுத்துக்கு அது வேண்டும்.