புதுப்பிப்பு: சைக்கிள் கையுறை, மரத்துப்போகும் விரல்கள்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதற்குள் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன, கையுறையும் மூன்றே மாதத்தில் பிரிந்துவிட்டது, எதை வாங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "தடித்த ஜெல் மெத்தை வேண்டாம்" என்ற யோசனைதான். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாகப் போகும் நரம்பு அழுந்தினால் இந்த இரண்டு விரல்களும்தான் மரக்கும். என் பழைய கையுறையின் மெத்தை கசங்கித் திரண்டு அந்த இடத்தையே அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி நாடாவால் அளந்தேன்: 20 செ.மீ. இத்தனை நாளும் ஓர் அளவு பெரிதாக வாங்கியிருக்கிறேன்! இப்போது மெல்லிய மெத்தை, செயற்கைத் தோல் உள்ளங்கை, கட்டைவிரல் கவட்டில் இரட்டைத் தையல். ஐந்து மாதமாக ஒரு நூல்கூட விடவில்லை.

எதிர்பாராதது ஒன்று: புதுக் கையுறை போட்டும் லேசான மரப்பு மிச்சமிருந்தது. சைக்கிள் இருக்கையின் முன்முனை கீழே சாய்ந்து, உடல் எடை கையில் இறங்கியிருக்கிறது. மட்டமாக்கியதும் அதுவும் நின்றது.

வியர்வை உப்பு தங்கினால் கையுறையின் தோல் விறைத்து வெடிக்கும் என்றார் ஒருவர். வந்தவுடன் பச்சைத் தண்ணீரில் அலசி, வளவுத் தாழ்வாரத்து நிழலில் உலர்த்துகிறேன். இன்னும் மெத்தென்றே இருக்கிறது.