காலி மனைப் பார்த்தீனியம்: தும்மலுக்கும் அரிப்புக்கும் அதுதான் காரணமா?

வேளச்சேரிவாசி:
எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பார்த்தீனியம், கேரட் இலை போன்ற தழையும் பொடிப்பொடியான வெள்ளைப் பூவுமாக இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பொங்கல் கழிந்ததிலிருந்து என் மாமியாருக்குக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் வேறு. அவர் அந்தச் செடியைத் தொட்டதே இல்லை. மகரந்தத்தால் மட்டும் இப்படி ஆகுமா?

தமிழ்ச்செல்வி:
ஆகும். ஆனால் தும்மலையும் தடிப்பையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். மகரந்தம் மூக்கில் ஏறியதும் வரும் தும்மல் உடனடி ஒவ்வாமை. அதைத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையில் கண்டறிவார்கள். தோல் அழற்சியோ பெரும்பாலும் தாமதமாகத் தலைகாட்டுவது. அதற்குக் காரணம் செடியிலுள்ள பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள். காய்ந்த செடியின் துகள் காற்றில் வந்து படிந்தாலே போதும், தொட வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் இமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் அதற்கே உரிய இடங்கள். இதற்கு முதுகில் பட்டை ஒட்டி 2 நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் தேவை. தும்மலுக்குப் போடும் செட்ரிசின் மட்டும் இந்தத் தடிப்பை ஆற்றாது. தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாமந்தியும் இதே குடும்பம் என்பதால் பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. அவர் பூசைக்குச் சாமந்தி தொடுப்பவரா என்பதையும் கவனியுங்கள்.

குரோம்பேட்டை ரவி:
எழுந்ததும் தும்மல் என்றால் நான் முதலில் தலையணையைத்தான் சந்தேகிப்பேன். படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளும் இதைச் செய்யும். சீமைக்கருவேல மகரந்தமும் செய்யும். சோதனை முடியும்வரை பழி முழுவதையும் பார்த்தீனியத்தின் மேல் போட வேண்டாம்.

தோட்டக்காரன்:
சோதனை ஒருபுறம் இருக்கட்டும், செடியை விட்டுவைக்காதீர்கள். 1950களில் புணேயில் கண்ணில் பட்ட இந்த அமெரிக்கக் களை நாடெங்கும் பரவியதற்குக் காரணம், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்ப்பதுதான். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூருவில் விட்டார்கள்; ஒரு மனைக்கு அது ஆகிற காரியமில்லை. மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன், கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்குவதே நல்லது. உங்கள் மனையில் ஏற்கெனவே பூத்துவிட்டதால் பூவை உலுக்காமல் பிடுங்கி, அப்போதே சாக்கில் கட்டிவிடுங்கள். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்துத் தெளித்தாலும் கருகும். கிணறு பக்கத்தில் இருந்தால் நான் அதைச் செய்யமாட்டேன். பிடுங்கும் நாளில் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கட்டும். மனைக்காரர் வெளியூர்க்காரர் என்றால், மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.