லேப் மதிப்பெண்ணைப் போட்டி வைத்துக் கொடுக்கலாமா?

பாளை ஆசிரியை:
கணினியில் தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகளைப் பழகும் இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில் இந்த செமஸ்டர் ஒரு மாற்றம் செய்தேன். கல்லூரி மாணவர்களுக்கான உலக அளவிலான புரோகிராமிங் போட்டியான ஐசிபிசியில் ஓர் அணிக்கு 3 பேர், ஒரே கணினி, 5 மணி நேரம். அதைச் சுருக்கி 2 மணி நேரமாக வைத்தேன். இன்டர்னலில் 10 மதிப்பெண் அதற்கு. வாயே திறக்காத ஒரு பிள்ளை தரவுகளைக் கிளை கிளையாக அடுக்கும் 'ட்ரீ' அமைப்பைத் தாளில் மரம்போல் வரைந்து, "இடது கிளை காலியாக இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். எல்லா லேபிலும் இது வர வேண்டும்.

அம்பை மாணவி:
மன்னிக்கணும் மேடம், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் கல்லூரியிலும் வைத்தார்கள். எங்கள் அணியில் ஒருவன் பள்ளியிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவன். கடைசிவரை கீபோர்டை விடவில்லை. நானும் இன்னொருத்தியும் பின்னால் நின்றோம். முழு மதிப்பெண் வந்தது. அப்புறம் செமஸ்டர் பிராக்டிகலில் லிங்க்டு லிஸ்டின், அதாவது சங்கிலிபோல் ஒன்றோடொன்று இணைத்த தரவுகளின், நடுவில் ஒரு நோடை (ஒரு கண்ணியை) நீக்கச் சொன்னார்கள். முந்தைய நோடை அடுத்ததோடு இணைக்காமலே அதை நினைவகத்திலிருந்து விடுவித்துவிட்டேன். புரோகிராம் பாதியில் நின்றது. அந்த மதிப்பெண்ணால் நான் கற்றது என்ன? பயிற்சியும் மாலை 5 மணிக்கு மேல்தான். அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் எப்படி இருப்பாள்?

தென்காசி அண்ணாச்சி:
தங்கச்சி சொல்வது உண்மை. மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் 6 பேர் அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் போனபோது எங்கள் அணியில் இருந்த பெண்ணுக்கு ஸ்லைடு செய்யும் வேலையைத்தான் கொடுத்தோம். இன்றும் அது உறுத்துகிறது. ஆனாலும் போட்டியே வேண்டாம் என்றால் ஒப்ப மாட்டேன். ஐசிபிசியில் ஒரு கணக்கைத் தப்பாக அனுப்பி அப்புறம் சரியாக முடித்தால், ஒவ்வொரு தப்புக்கும் 20 நிமிடம் கூட்டுவார்கள். அனுப்புவதற்கு முன் தாளில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதில்தான் வந்தது. இன்று வேலையில் நான் எழுதுவதை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் சேர்க்கவே முடியாது.

பாளை ஆசிரியை:
கீபோர்டை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றச் சொல்கிறேன். ஒருவர் தட்ட, பக்கத்தில் இருப்பவர் வழி சொல்லும் பேர் புரோகிராமிங் முறைதான் இது. முடிந்ததும் குலுக்கலில் ஒருவரைக் கூப்பிட்டு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அவர் சொல்லும் பதிலுக்குத்தான் அணியின் மதிப்பெண்.

அம்பை மாணவி:
கை மாற்றுவது நல்லது மேடம். குலுக்கல் வேண்டாம். பேசத் தயங்குகிறவள் பெயர் வந்தால் 3 பேருக்கும் மதிப்பெண் போகும். அடுத்த முறை அவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

தென்காசி அண்ணாச்சி:
அணியை ஆசிரியர் பிரிக்கட்டும். வைவா ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருக்கட்டும்.

பாளை ஆசிரியை:
60 பிள்ளைகளுக்குத் தனித்தனி வைவா என்றால் 2 லேப் போய்விடும், அண்ணாச்சி. அதற்காக மதிப்பெண்ணையே எடுத்துவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்ற பயமும் இருக்கிறது.

அம்பை மாணவி:
காலை லேப் நேரத்திலேயே வையுங்கள் மேடம், வருவார்கள். நானே வந்திருப்பேன்.

பாளை ஆசிரியை:
சரிம்மா. அடுத்த புதன் காலை லேபில் மதிப்பெண் இல்லாமல் வைக்கிறேன். அணியை நானே பிரிக்கிறேன். ஆனால் 3 பேருக்கு ஒரு கணினி என்பதை மட்டும் மாற்ற மாட்டேன்.