பவுசர், குப்பைப் பெட்டி, கிறவல்: பாதீட்டுக்கு முன்னம் எதைக் கணக்குப் பார்க்கிறது?

கிறவல்மண்:
டிசம்பரில் வன்னிப் பிரதேச சபைகளில் பாதீடு வரும். வழமை தெரிந்ததுதானே: போன வருடத் தொகையை எடுத்து, ஒவ்வொரு செலவுத் தலைப்பிலும் கொஞ்சம் கூட்டிப் போட்டு, வாசித்துவிட்டுக் கை உயர்த்துவது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகள் 2025 மே 6 தேர்தல் வரைக்கும் செயலாளர் பொறுப்பில் இருந்தன. இடையில் இரண்டு வருடப் பாதீட்டை எந்த உறுப்பினரும் கேள்வி கேட்கவில்லை, கேட்க ஆளே இல்லை. அதனால் இந்த முறை பழைய தொகைக்கு மேல் கூட்டுவதை விட்டுவிட்டு, செப்டெம்பருக்குள் நாலு சேவைக்காவது அலகுச் செலவு போட வேண்டும் என்கிறேன். குப்பை ஒரு உழவு இயந்திரப் பெட்டிக்கு எவ்வளவு, பவுசர் (தாங்கி வாகனம்) தண்ணீர் ஆயிரம் லீற்றருக்கு எவ்வளவு, தெருவிளக்கு ஒரு திருத்தத்துக்கு எவ்வளவு, கிறவல் (சரளை மண்) வீதி நூறு மீற்றருக்கு எவ்வளவு. எது கூடுதலாக வருகிறதோ அதைத் திருத்தலாம், முடியாவிட்டால் குறைக்கலாம்.

வாய்க்கால்கரை:
அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் நான் எதிர். குறைக்கலாம் எண்டால் எங்க குறைப்பீங்கள்? முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றர் கிட்ட. 2012 கணக்கெடுப்பில சனம் 92 ஆயிரம். கிளிநொச்சியில கரைச்சிச் சபை கரைச்சியையும் கண்டாவளையையும் சேர்த்துப் பார்க்குது. இப்பிடிப் பரந்த இடத்தில அலகுச் செலவு போட்டால் கிளிநொச்சி நகரம் மலிவாத் தெரியும், காட்டோரக் கிராமம் விலை கூடினதாத் தெரியும். பிறகு "ஆயிரம் லீற்றருக்கு இவ்வளவோ?" எண்டு ஒருத்தர் கேட்பார். அடுத்த வருசம் பவுசர் அந்தப் பக்கம் போகாது. கணக்கில பிழை இராது, ஆனா சனம் தண்ணியில்லாமல் நிக்கும்.

கிறவல்மண்:
ரூபாயில் மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். தூரத்தையும் வேலையையும் பிரித்துப் போடுங்கள். உதாரணத்துக்கு, 6,000 லீற்றர் பவுசர் லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். போய்வர 10 கிலோமீற்றர் என்றால் டீசல் 2.5 லீற்றர். போய்வர 50 என்றால் 12.5. அந்த ஐந்து மடங்கு தூரத்தால் வருவது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே 50 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஒரு மாதம் 12.5, அடுத்த மாதம் 19 என்று எழுதியிருந்தால் அது தூரம் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியது அந்த 6.5 லீற்றரை. டீசல் விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயில் பார்த்தால் இது தெரியவே வராது. லீற்றரில் பாருங்கள்.

பெட்டிமிசின்:
இரண்டு பேரும் ஓட்டப் பதிவேடு (வாகனம் ஓடியதை எழுதுகிற புத்தகம்) சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பேசுகிறீர்கள். உழவு இயந்திரத்துக்குக் கிலோமீற்றர் கணக்கு இல்லை, மணி மீற்றர்தான். அது பழுதானால் மாற்ற யாரும் அவசரப்படுவதில்லை. அதற்குப் பிறகு "காலை 7 முதல் மாலை 4 வரை" என்று எழுதுவார்கள். ஒன்பது மணித்தியாலமும் இயந்திரம் ஓடியதாக டீசல் கொடுபடும். உண்மையில் ஓடியது நாலோ ஐந்தோ மணித்தியாலமாக இருக்கும், மிச்சம் பெட்டி நிரப்பும் நேரம்.

சோதிப்பது கஷ்டம் இல்லை. காலையில் தாங்கியை வாய் முட்ட நிரப்புங்கள். வழக்கமான பாதையில் விடுங்கள். பின்னேரம் அதே சமதரையில் நிறுத்தி, திரும்ப வாய் முட்ட நிரப்ப எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று எழுதுங்கள். மூன்று நாள் செய்தால் போதும், இயந்திரத்தின் உண்மையான குடி தெரிந்துவிடும். சரிவில் நிறுத்தி நிரப்பினால் இரண்டு மூன்று லீற்றர் பிழை வரும், அதைக் கவனிக்க வேண்டும்.

குப்பையை "பெட்டி" என்று எண்ணுவதும் ஏமாற்று. சந்தைக் கழிவு ஒரு பெட்டியும் தென்னோலை, வேலி வெட்டின கிளை ஒரு பெட்டியும் ஒன்றா? கிளை ஏற்றினால் பெட்டி அரை மணித்தியாலத்தில் கண்ணுக்கு நிரம்பிவிடும், நிறை ஒன்றும் இராது. சபைகளிடம் பாரத்தராசு இல்லை என்பார்கள். பெரிய அரிசி ஆலைகளில் நெல்லு லொறி நிறுக்கிற தராசு இருக்கிறதே. மாதத்தில் ஒரு கிழமை, வெறும் பெட்டியை ஒருதரம், நிரம்பின பெட்டியை ஒவ்வொரு தரமும் நிறுத்தால் சராசரி கிடைக்கும். காலபோக அறுவடை நேரம் மட்டும் கேட்காதீர்கள், ஆலைக்காரர் கிட்டவும் விடமாட்டார்.

வாய்க்கால்கரை:
தராசு யோசனை நல்லம். ஆனா அடிப்படையில ஒரு பிழை இருக்கு. நிரந்தர ஊழியரின்ர சம்பளத்தில பெரும் பங்கு அரசாங்க மானியமா வருது. அதையும் அலகுச் செலவுக்குள்ள போட்டால், சேவையை நிப்பாட்டினால் அந்தக் காசு மிஞ்சும் எண்ட மாதிரித் தெரியும். மிஞ்சாது. ஆள் இருப்பார், சம்பளம் போகும், வேலை மட்டும் நிண்டிடும்.

மற்றது வருமானம். தெற்கில காணி கைமாறினால் முத்திரைத் தீர்வை சபைக்கு வரும். வன்னியில கனக்கக் காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி. உறுதி முடிச்சு வித்து வாங்கேலாது, தீர்வையும் வராது. சோலைவரியும் (கட்டடம், காணிக்குச் சபை எடுக்கிற வருட வரி) கட்டடங்கள் அடர்ந்த பகுதி எண்டு பிரகடனம் செய்த இடத்தில மட்டும்தான். அந்தக் கொஞ்ச இடத்திலயும் நிலுவை. ஜனவரி 31க்கு முன்னம் முழு வருசத்துக்கும் கட்டினால் 10 வீதம் தள்ளுபடி இருக்கு. அதை எத்தனை கடைக்காரர் அறிவினம்? முதல்ல நிலுவைப் பட்டியலை எடுங்கோ. டீசல் லீற்றரைப் பிறகு எண்ணலாம்.

கிறவல்மண்:
சம்பள விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, எடுத்துக்கொள்கிறேன். சேவை நின்றால் நிற்கிற காசு (டீசல், ரயர், திருத்தம், அமைய ஊழியர் நாட்கூலி, மேலதிக நேரம்) ஒரு நிரலில். நின்றாலும் நிற்காதது வேறு நிரலில். முடிவு எடுப்பது முதல் நிரலை மட்டும் பார்த்து. நிலுவை முதலில் என்பதை ஏற்கமாட்டேன். குப்பை எடுக்க வராத தெருவில் சோலைவரி கேட்டுப் போகிற வருமானப் பரிசோதகர் என்ன பேச்சு வாங்குவார் என்று யோசியுங்கள்.

கியூப்கணக்கு:
பெரிய காசு போவது கிறவலில், அதை ஒருவரும் தொடவில்லை. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுக்கின பிறகு 15 சென்ரிமீற்றர் தடிப்பு: 45 கன மீற்றர். ஒரு கியூப் (நூறு கன அடி) 2.83 கன மீற்றர், ஆக இறுகின அளவில் 16 கியூப். பறித்த மண் தளர்ந்து இருப்பதால் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கூட்ட வேண்டும், ஏறக்குறைய 20 கியூப். 3 கியூப் டிப்பர் என்றால் 7 லோட்.

பிழை நடப்பது இங்கேதான். லோட்டை எண்ணிக் காசு கொடுக்கிறார்கள், பெட்டியை அளப்பதில்லை. 3 கியூப் என்று வந்த பெட்டி உண்மையில் இரண்டரை என்றால், அதே 7 லோட்டில் தடிப்பு 13 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கார்த்திகை மழை வந்த பிறகுதான் தெரியும், அப்போது எல்லோரும் மழையைத்தான் குறை சொல்வார்கள். காசு கொடுக்கிற பட்டியலுக்குக் கையெழுத்து வைக்க முன்னம் 50 மீற்றருக்கு ஒரு இடத்தில், நடுவிலும் இரண்டு ஓரத்திலும், அலவாங்கால் கிண்டி அடிமட்டம் வைத்துப் பாருங்கள். நடு, ஓரத்தைவிட 6, 7 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ரோட்டிலேயே நிற்கும், எத்தனை கியூப் போட்டும் பிரயோசனம் இல்லை. காய்ந்த மண்ணை உருளை போட்டு இறுக்கவும் முடியாது, தண்ணீர் தெளிக்கிற செலவையும் மதிப்பீட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று: அந்த வீதி சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? இரணைமடு வாய்க்கால் கரைப் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்தினது. சனம் சபையைத்தான் ஏசும், ஆனால் பதிவேட்டில் இல்லாத வீதிக்குச் சபை காசு போட்டால் கணக்காய்வு வினா வரும்.

பெட்டிமிசின்:
இதெல்லாம் சபை தானாகத் தராது என்பவர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "குப்பைச் செலவு விபரம் தரவும்" என்று எழுதாதீர்கள், ஒரு வரி மொத்தத் தொகை வரும், அவ்வளவுதான். எந்த வாகனம், எந்த மாதம், ஓட்டப் பதிவேட்டின் பிரதி, எரிபொருள் கொள்வனவுப் பட்டியலின் பிரதி என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தரலாமா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வாய்க்கால்கரை:
பவுசருக்கு ஒண்டு சேர்க்கிறன். சபையில எழுதுறது ஏத்தின தண்ணி. கிராமத்துத் தாங்கியில இறங்கினது வேற. தாங்கிக்குப் பக்கத்தில ஆள் இல்லாட்டி அரைவாசியோட திரும்பி வரும், பதிவேட்டில முழுசா இருக்கும். இறக்கின லீற்றரை ஒரு துண்டில எழுதி, அந்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில ஒருத்தரின்ர கையெழுத்து வாங்குங்கோ. வரட்சி நிவாரணத்தில அந்தக் காசைத் திருப்பிக் கேட்கிறதெண்டாலும் அந்தத் துண்டுதான் கைகுடுக்கும்.

ஓகஸ்ட் மாதத் துண்டுகளும் ஓட்டப் பதிவேடும் ஒரே மேசையில வரட்டும். தூரக் கிராமத்துக்கு ஓட்டத்தைக் குறைக்கிறதெண்டு அதுக்குப் பிறகும் யாரும் வாயெடுத்தால் திரும்ப வாறன்.