லேவியராகமம் 11-ன்படி எந்த மீன் சமைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். சமையல் தெரிந்தவர்கள், வேதம் தெரிந்தவர்கள் இருவரும் உதவ வேண்டும். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரும் தம்பதி ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினர். மீன் சாப்பிடுவார்கள், ஆனால் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று பைபிளில் லேவியராகமம் 11-ம் அதிகாரத்தில் சொன்னபடிதான்.

கறி விஷயத்தில் குழப்பமில்லை. விரிகுளம்பும் வேண்டும், அசைபோடவும் வேண்டும். ஆடு சரி, பன்றிக்குக் குளம்பு பிளந்திருந்தாலும் அசைபோடாது, முயல் அங்கேயே பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கிறது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும் என்பதால் இறால், நண்டு, கணவாய், கெளுத்தி எல்லாம் போச்சு. (வெட்டுக்கிளிக்கு அனுமதி உண்டு, இறாலுக்கு இல்லை!)

சிக்கல் வஞ்சிரத்தில்தான். செதில் மிகப் பொடியாக, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி இருக்கிறது. அதைச் சேர்ப்பார்களா? சுறாவின் தோலில் இருக்கும் சொரசொரப்பும் ஒருவகைச் செதில்தான் என்கிறார் என் கணவர். சுறாப்புட்டு ஆசையில் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 10-ல் பேதுரு கண்ட தரிசனத்தை (எல்லா வகை மிருகங்களையும் காட்டி 'அடித்துப் புசி' என்று சொல்லப்பட்டது) வைத்து இங்கே விவாதம் வேண்டாம், ப்ளீஸ். அந்தச் சபையில் இருப்பவர்கள் யாராவது வீட்டில் என்ன மீன் வாங்குகிறீர்கள் என்று சொன்னால் போதும். இறால் பொரித்த சட்டியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள்.