பண்டரிபுரம் வாரி: ஆளந்தி பால்கியா, தேஹு பால்கியா? அம்மாவோடு நடக்க எது சரிப்படும்?

முலுண்ட் மேற்கு:
எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆஷாட ஏகாதசிக்கு நடந்துதான் பண்டரிபுரம் போக வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதமாக இருக்கிறார். வயது 63. மாட்டுங்கா பஜனை கோஷ்டியில் ரொம்ப காலமாக அபங்கம் (பண்டரிபுரம் விட்டலன் மேல் மராத்திப் பாட்டு) பாடுகிறவர், மராத்தி சரளமாகப் பேச வராது, ஆனால் துக்காராம் அபங்கங்கள் ஏகப்பட்டது மனப்பாடம். இடது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. சமதரையில் காலையில் 6, 7 கி.மீ. நடந்துவிடுவார், ஏற்றம் வந்தால்தான் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு ஆபீசில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு தர மாட்டார்கள், அதனால் முழு வாரிக்கு, அதாவது ஆரம்பத்திலிருந்தே நடந்து போவதற்கு, வழியில்லை.

பாதுகை எடுத்துவரும் இரண்டு பால்கியும் (பல்லக்கு ஊர்வலம்) புனே வரை வந்து அங்கிருந்து வேறு வேறு ரோட்டில் போகிறது என்று தெரியும். ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வர் பால்கி சாஸ்வட், ஜேஜுரி, ஃபல்டண் பக்கம். தேஹுவிலிருந்து வரும் துக்காராம் பால்கி பாராமதி, இந்தாப்பூர், அக்லூஜ் பக்கம். எதில் சேருவது? புனேயிலிருந்து முதல் வாரமா, இல்லை கடைசி வாரமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிங் சர்க்கிள்காரன்:
யோசிக்கவே வேண்டாம், மாவ்லி பால்கிதான், அதாவது ஞானேஸ்வர் பால்கி. வாரி என்று மனதில் என்னவெல்லாம் நினைத்திருக்கிறீர்களோ அத்தனையும் அங்கே இருக்கிறது. பால்கி வரும் ரதத்துக்கு முன்னால் 27 திண்டி (சேர்ந்து பாடிக்கொண்டு நடக்கும் குழு), பின்னால் அதைவிட எத்தனையோ மடங்கு. ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீணைக்காரர், அவரைச் சுற்றி மிருதங்கமும் தாளமும், தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள். சாயங்காலம் முகாமில் சமாஜ் ஆரத்தி நடக்கும், அதை அம்மா அவசியம் பார்க்க வேண்டும். அத்தனை திண்டிகளும் வட்டமாக நின்று தாளம் தட்டிக்கொண்டிருக்கும்போது சோப்தார் (கோல் ஏந்தி ஒழுங்கு பார்ப்பவர்) கோலைத் தூக்குவார், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கப்சிப். ஏதாவது ஒரு திண்டிக்குக் குறை இருந்தால் அது மட்டும் தட்டுவதை நிறுத்தாது. அங்கே போய் என்ன விஷயம் என்று கேட்டு, தீர்த்துவைத்த பிறகுதான் ஆரத்தி. இதை நேரில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

புனேயிலிருந்து சாஸ்வட் போகும் நாள்தான் கஷ்டம். கிட்டத்தட்ட 30 கி.மீ., நடுவில் திவே காட் ஏற்றம், பெரும்பாலும் அன்று ஏகாதசி உபவாசம் வேறு. ஆனால் அந்த வளைவுகளில் கீழிருந்து மேல் வரை காவிக்கொடியாகத் தெரியும் காட்சிக்காகவே மும்பையிலிருந்து ஒரு நாள் மட்டும் வந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக ஏறினால் அம்மாவும் ஏறிவிடுவார்.

டோம்பிவிலி கிழக்கு:
கிங் சர்க்கிள் அண்ணா சொல்வது சிறுசுகளுக்குச் சரி. தேய்மானம் உள்ள முழங்காலை 30 கி.மீ. நாளில் திவே காட்டில் ஏற்றாதீர்கள் தம்பி, தயவுசெய்து. நான் இரண்டு வழியிலும் நடந்திருக்கிறேன். ஏறும்போது கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், நினைத்த இடத்தில் நிற்க முடியாது, ஓரமாக உட்கார்ந்தால் நம் திண்டி எங்கேயோ போயிருக்கும். அம்மாவுக்கு மராத்தியும் வராது என்கிறீர்கள்.

அம்மா பாடுவது துக்காராம் அபங்கம். அப்புறம் அந்தப் பாதுகைக்குப் பின்னால் நடக்காமல் எங்கே போவது? இந்தப் பால்கி வழக்கத்தையே ஆரம்பித்தது துக்காராமின் மகன் நாராயண் மகராஜ்தான், 1685-இல். அப்பாவின் பாதுகையை தேஹுவிலிருந்து எடுத்துக்கொண்டு, ஆளந்தி போய் ஞானேஸ்வர் பாதுகையையும் அதே பல்லக்கில் வைத்துப் போனார். ஞானோபா துக்காராம் என்று சேர்த்தே பாடுவது அந்த நாள் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் ஹைபத்பாபா ஆர்பள்கர் மாவ்லி பால்கியைத் தனியாக நடத்த ஆரம்பித்த பிறகுதான் இரண்டு ரோடு ஆனது.

தேஹு பால்கி புனே தாண்டியதும் சோலாப்பூர் ஹைவேயைப் பிடித்துவிடும். லோணி காள்போர் வரை ஒரே சமதளம். மறுநாள் யவத். ஊர்க்காரர்கள் பெரிய பெரிய கடாயில் பிட்லா கிண்டி, வீடு வீடாகத் தட்டிய பாக்ரி ரொட்டியை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். கையில் பாக்ரியை வைத்து அதன் மேலேயே பிட்லாவை ஊற்றுவார்கள், தட்டு கிடையாது. கடலைமாவும் பச்சைமிளகாயும்தான், நடந்து களைத்த வயிற்றுக்கு அது அமிர்தம். வர்வண்ட் தாண்டி ரோட்டி காட் என்று ஒரு ஏற்றம் உண்டு, ஆனால் திவே காட்டோடு அதைச் சேர்த்துப் பேச முடியாது. பாராமதி தாண்டி காட்டேவாடியில் சலவைத் தொழிலாளர்கள் வேட்டியை ரோட்டில் விரிக்க, அதன் மேல் பால்கி வரும். அப்புறம் மேய்ப்பர்கள் செம்மறி ஆட்டு மந்தையை ரதத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள். தூசி எழும்பும், மணிச்சத்தம், நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சுற்றும், அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதார். குதிரை ரிங்கண் (பால்கிக் குதிரை வட்டமாக ஓடுவது) எங்கேயும் பார்க்கலாம், இதைப் பார்க்க இந்த ரோட்டுக்குத்தான் வர வேண்டும்.

ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள். தேஹு பால்கி ஜ்யேஷ்ட தேய்பிறை சப்தமியில் கிளம்பும், ஆளந்தி பால்கி அஷ்டமியில். லீவு எழுதும்போது அந்த ஒரு நாளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செம்பூர் கேம்ப்:
இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், ஆனால் கேள்வியில் ஒரு வாரம் என்று இருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் கடைசி வாரத்தில் சேருவதாக இருந்தால் திவே காட் பேச்சே தேவையில்லை, அது எப்போதோ முடிந்திருக்கும். மாவ்லி வழியில் நாத்தேபுத்தே, மாள்சிரஸ், வேளாப்பூர், பண்டிஷேகாவ், வாக்ரி. துக்காராம் வழியில் இந்தாப்பூர், சராட்டி, அக்லூஜ், போர்காவ், பிராச்சி குரோலி, வாக்ரி. இரண்டுமே சமதரை, இரண்டுமே ஒரு வாரத்துக்குள் அடங்கும், இரண்டு பால்கியும் வாக்ரிக்குத்தான் வந்து சேருகிறது. ரிங்கணும் இரண்டிலும் கிடைக்கும்: அங்கே சதாசிவநகர், குடூஸ், இங்கே இந்தாப்பூர், அக்லூஜ்.

என்னைக் கேட்டால் கடைசி வாரம்தான். அம்மா ஆசைப்படுவது நடந்து போய்ப் பண்டரிபுரத்தில் நிற்பதற்கு. புனேயில் ஆரம்பித்து ஜேஜுரியிலோ பாராமதியிலோ பஸ் ஏறித் திரும்பினால் அவர் மனது ஆறாது. இந்தாப்பூருக்கு புனேயிலிருந்து நேரே எஸ்.டி. (அரசு) பஸ் இருக்கிறது, சோலாப்பூர் ரோடுதானே. ஒரு கஷ்டம், கடைசி வாரத்தில் கூட்டம் அதிகம். அந்தப் பக்கம் மழை குறைந்த பூமி, புனேயில் கொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பியோ ஈரத்துண்டோ கட்டாயம், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கையிலேயே இருக்கட்டும்.

பால்கியை விட திண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நல்ல திண்டி என்றால் சாமான் ஏற்ற லாரி, சமையல் ஆள், தண்ணீர் டேங்கர், பெண்களுக்குத் தனித் தம்பு எல்லாம் இருக்கும், சாப்பாட்டுக்கு பிஷி என்று ஒரு தொகை வாங்கிக்கொள்வார்கள். முதலிலேயே இந்த மூன்றையும் கேளுங்கள்: பெண்கள் எத்தனை பேர், வழியில் வந்து சேருகிறவர்களை ஏற்றுக்கொள்வார்களா, மத்தியான முகாமிலிருந்து வயதானவர்களை வண்டியில் அனுப்புவார்களா. கடைசிக் கேள்விதான் உங்களுக்கு முக்கியம். ஒரு நாள் நடை 15, 20 கி.மீ. வரும், அம்மா 7 கி.மீ. நடக்கிறவர். காலையில் சாப்பாட்டு முகாம் வரை நடக்கட்டும், அதற்கு மேல் வண்டி. அங்கே யாரும் அதைக் குறையாக நினைக்க மாட்டார்கள், திண்டியில் பாதிப் பாட்டிகள் அப்படித்தான் வருகிறார்கள்.

குளியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. விடிவதற்கு முன் 3, 4 மணிக்கு டேங்கர் குழாய்க்குக் கீழே சேலையோடு குளிப்பதுதான் பல பெண்களுக்கு வழி. நடமாடும் கழிப்பறைகள் இப்போது வைக்கிறார்கள், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எத்தனை வைத்தாலும் போதாது. அம்மாவிடம் இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள். புதுச் செருப்பு மட்டும் வேண்டாம், இப்போது எதைப் போட்டு நடக்கிறாரோ அதுவே.

முலுண்ட் மேற்கு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வாரம், துக்காராம் பால்கி, இந்தாப்பூரில் சேருவது என்று முடிவு. டேங்கர் குளியல் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "மத்த பொம்மனாட்டிகள் செய்யறத நானும் செய்வேன்" என்றார். காட்டேவாடி ஆடுகளைப் பார்க்க முடியாதே என்றுதான் வருத்தம். இன்னும் ஒரு கேள்வி: ஏகாதசி அன்று தரிசன க்யூ எவ்வளவு நேரம் ஆகும்? அதில் அம்மாவால் நிற்க முடியுமா?

டோம்பிவிலி கிழக்கு:
ஏகாதசி அன்று பாத தரிசன க்யூவில் நிற்கவே வேண்டாம், ராத்திரி பகலாக நிற்க வேண்டி வரும், நடந்து வந்த காலுக்கு அது ஆகாது. வாரிக்காரர்களே பாதிப் பேர் சந்திரபாகா ஆற்றில் குளித்து, கோயில் வாசலில் நாமதேவர் படியில் தலை வைத்து, எதிரே சோகாமேளா சமாதியைக் கும்பிட்டு, கோபுரக் கலசத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கலச தரிசனமே அவர்களுக்கு முழு தரிசனம். அம்மாவுக்கு விட்டலன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் முக தரிசனத்துக்குத் தனி வரிசை உண்டு, அது சீக்கிரம் நகரும். இல்லையென்றால் பௌர்ணமி கழித்துக் கூட்டம் குறைந்த பிறகு தனியாக ஒரு தடவை ரயிலில் கூட்டிப்போங்கள், குர்டுவாடியில் இறங்கி அங்கிருந்து போகலாம்.

காட்டேவாடி பற்றி: லீவில் இன்னும் சில நாள் கூடக் கேட்டுப் பாருங்கள் தம்பி. காட்டேவாடியிலிருந்து இந்தாப்பூர் ரொம்ப தூரம் இல்லை, ஆட்டு ரிங்கண் பார்த்துவிட்டு பஸ்ஸில் முன்னாலேயே இந்தாப்பூர் போய்க் காத்திருக்கலாம். பால்கி வந்து சேருவதற்குள் அம்மாவுக்கு ஓய்வும் கிடைக்கும்.